வாசலில் ஐந்து மணி ஹாரன்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த விஷயம் இது. கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற பஸ்ஸில் வந்து, ரோட்டு முக்கில் இறங்கி ஒரு மைல் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். மழையை நம்பின கரிசல் காடு. ஐப்பசியில் விதைத்தால் தையில் அறுப்போம். மற்றபடி ஊர்ப் பெண்களுக்குச் சோறு போடுவது தீப்பெட்டி ஆபீஸ்தான். ஆபீஸ் வேன் காலை ஐந்து மணிக்கு எங்கள் தெருவுக்கு வரும். இரண்டு நீட்டு, ஒரு குட்டை என்று ஹாரன் அடிக்கும். தூக்குவாளியும் கையுமாக நாங்கள் ஓடுவோம்.

எனக்கு அங்கே பெட்டியில் குச்சி அடைக்கிற வேலை. என் கை வேகம் என்றால், வாய் அதைவிட வேகம். என் வாய்க்குத் தெருவே பயப்படும் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பன்னிரண்டு வருஷம் குடித்தார். அடிக்கிற, உதைக்கிற ரகம் இல்லை. முப்பது ஆட்டை மேய்த்துப் பட்டியில் அடைத்துவிட்டு, ரோட்டு முக்கு பிராந்திக்கடைக்கு சைக்கிளில் போய்விட்டு வந்து படுத்தால் கட்டை மாதிரி கிடப்பார். 'பாவம், அவன் பாட்டுக்குக் குடிச்சிட்டு உறங்குதான்' என்று ஊரே அவருக்கு நல்ல பெயர் கொடுத்திருந்தது. நானும் அதைத் தூக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு ஆவணி மாதம் கண்ணெல்லாம் மஞ்சளாகி, ரத்தமாக வாந்தி எடுத்தார். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்திருந்தோம். குடி நின்றதும் கையும் காலும் நடுங்கின. விட்டத்தில் ஆடு மேய்கிறது, ஓட்டிவிடு என்று என்னிடம் சொன்னார். மருந்து ஏற்றி, ராத்திரி பகலாகப் பார்த்து அவரை மீட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "இன்னொரு பாட்டில் குடிச்சா இங்க கூட்டிட்டு வராதீங்க, பிரயோஜனமில்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னார். என் வீட்டுக்காரர் சத்தியம் கித்தியம் எதுவும் செய்யவில்லை. பஸ்ஸில் வரும்போது வெளியே பார்த்துக்கொண்டே "இனி வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

குடியை விட்டார். கூடவே தூக்கமும் போய்விட்டது.

சும்மா சொல்லவில்லை, பொட்டு உறக்கம் கிடையாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை ஒரு வாரத்தில் தீர்ந்தது. இனிமேல் கிடையாது, கடையில் நீங்களாக வாங்கவும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தினமும் விடியற்காலை நான் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது, பாயில் படுத்தபடியே எனக்கு ராத்திரிச் செய்தி வாசிப்பார். ரெண்டு மணிக்கு ரோட்டுல உப்பு லாரி போச்சு. மூணு மணிக்கு மேலத்தெரு நாய் குலைச்சது. நாலு மணிக்கு நீ பல்லை நறநறன்னு கடிச்ச. எல்லாம் சரியாக இருக்கும். நான் வேனுக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் அவருக்கு லேசாகக் கண் சொக்கும். அந்த நேரம் பார்த்து ஹாரன் அடிக்கும். தூக்கிப் போட்டு உட்காருவார்.

இதற்கு ஒரு முடிவு கட்ட நான் இறங்கினேன். குடிக்காமல் இருக்கிற மனுஷனுக்கு உறக்கத்தையாவது நாம் கொடுக்க வேண்டாமா? வேன் டிரைவர் அண்ணாச்சியிடம் போய், "எங்க தெருவுல ஹாரன் அடிக்காதீய, நாங்களே முந்தி வந்து நிக்கோம்" என்றேன். அவர் நல்ல மனுஷர், சரி என்று தலையாட்டினார். பக்கத்து வீட்டுச் சேவலைக் கூடையில் போட்டுக் கவிழ்த்து, ஊர்க்கோடியில் இருக்கிற அவர்கள் மகள் வீட்டில் விட்டுவரச் செய்தேன். எதிர்வீட்டுக்காரி காலையில் கம்பு இடிக்கக் கூடாது, பிள்ளைகள் பம்பரம் விடக் கூடாது, தண்ணீர்க் குழாயில் சண்டை போடக் கூடாது. எல்லாம் என் உத்தரவு. ஆட்டை என் மாமியார் பத்திக்கொண்டு போனார்கள். நாங்கள் விதைப்புக்கு அலையும்போது அவர் உள்ளே படுத்திருப்பார். காலை பத்து, பதினொன்று வரைக்கும் உறங்குவார். சாப்பிட்டுவிட்டு மத்தியானமும் கொஞ்சம் சாய்வார். சாயங்காலம் கடைக்குப் போகிற அந்த ஆறு மணி ஆனால் கை கால் பரபரக்கும் அல்லவா, அதற்குத் திக்காகத் தேயிலை போட்டு இரண்டு டம்ளர், மூன்று டம்ளர் டீ கொடுப்பேன். இதைவிட ஒரு பொம்பளை என்ன செய்ய முடியும் என்று எனக்கு ஒரே கர்வம்.

இரண்டு மாதம் போனது. ராத்திரி உறக்கம் வரவில்லை என்பதோடு, இப்போது பகல் உறக்கமும் பாதி பாதியாகப் போனது. ஆள் கம்பங்கதிர் அறுத்த தட்டை மாதிரி ஆகிவிட்டார். கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "ஏட்டி, குடிச்சப்போ நான் நல்லாத்தான உறங்குனேன்?"

எனக்குச் சுருக்கென்றது. உறக்கத்துக்காகவே இந்த மனுஷன் திரும்பக் குடிக்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. டாக்டர் சொன்ன வார்த்தை காதில் கேட்டது. மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் அன்றைக்கு இல்லை. என் வீட்டுக்காரரைக் கவனித்த நர்ஸ் இருந்தாள். புதியம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், வெடுக் வெடுக்கென்று பேசுவாள். நான் அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். சேவலை நாடு கடத்தினது, ஹாரனை நிறுத்தினது எல்லாம் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யக்கா, அவியள உறங்கவிடாமக் கெடுக்கது நீங்கதான்!"

என் வாழ்க்கையில் என்னை ஒருத்தி அப்படிச் சொன்னதில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் அசரவில்லை. உட்காரவைத்து, பொறுமையாகச் சொன்னாள். குடித்துக் கிடந்தது உறக்கமே இல்லையாம், மயக்கமாம். பன்னிரண்டு வருஷமாக உடம்பு தானாக உறங்குகிற வித்தையையே மறந்துவிட்டதாம். அது திரும்பப் பழக மாதக்கணக்கில் ஆகலாம், ஆனால் கண்டிப்பாகப் பழகும். பகலில் உறங்கிவிட்டால் ராத்திரிக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டாள். காலை பசியாறி, பத்து மணிக்கு ஒருதரம் சாப்பிட்டு, பதினோரு மணிக்கு இன்னொரு தரம் சாப்பிட்டவனுக்கு மத்தியானம் பசிக்குமா என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எப்ப உறங்குனாலும் சரி, உறங்காட்டாலும் சரி, காலைல அஞ்சு மணிக்கு எழுப்பி வெளிய தள்ளுங்க. வெயில் முகத்துல படணும். பகல்ல கண்ணை மூடவிடாதீங்க. மத்தியானத்துக்கு மேல டீயைக் கண்ணுல காட்டாதீங்க. மொத பத்து நாள் மோசமாத்தான் இருக்கும், மனசு எளகிராதீங்க. ரொம்ப முடியலன்னா இங்க கூட்டிட்டு வாங்க."

ராத்திரி உறக்கம் வரவில்லை என்றால் பாயில் புரளவும் கூடாதாம். எழுந்து உட்கார்ந்து சலிப்பு தட்டுகிற சள்ளை பிடித்த வேலை ஏதாவது பார்க்க வேண்டும், கண் சொக்கினால்தான் மறுபடி படுக்க வேண்டும். மணி பார்க்கக் கூடாது. சுவர்க் கடிகாரத்தை அன்றைக்கே கழற்றித் துணிப்பெட்டியில் போட்டேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அஞ்சு மணிக்கா?" என்று கேட்டுவிட்டு, "சரி, பாப்போம்" என்றார்.

பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! எந்த வாயால் ஊரை அடக்கினேனோ அதே வாயால் திரும்பப் போய்க் கெஞ்ச வேண்டியதாயிற்று. வேன் அண்ணாச்சியிடம், "இனிமே ஹாரன் அடிக்கணும், அதுவும் தெரு முக்குல இல்ல, எங்க வாசல்ல வந்து அடிக்கணும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தங்கச்சி, ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார். மார்கழி பிறக்கப் போகிறது என்று, கோயில் ரேடியோ குழாயை எங்கள் வீட்டுப் பக்கமிருந்து திருப்பிக் கட்டச் சொல்லி ஏற்கனவே சண்டை போட்டிருந்தேன். அவர்களும் திருப்பிக் கட்டியிருந்தார்கள். இப்போது மறுபடி போய், எங்கள் வீட்டைப் பார்த்தே கட்டுங்கள் என்று நின்றேன். கோயில்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். சேவலும் திரும்பி வந்தது.

மார்கழி முதல் தேதி தொடங்கினோம். வாசலில் இரண்டு நீட்டு, ஒரு குட்டை. நான் அவரைத் தோளைப் பிடித்து எழுப்பி, முகத்தில் தண்ணீர் அடித்து, கையில் கம்பைக் கொடுத்து ஆட்டுப்பட்டிக்கு அனுப்பிவிட்டுத்தான் வேனில் ஏறுவேன். ஒரு மணி நேரம் முந்திதான் கண்ணயர்ந்திருப்பார். சிவந்த கண்ணோடு என்னைப் பார்ப்பார் பாருங்கள், அந்தப் பார்வையை மறக்கவே முடியாது. என் மாமியார் தெருவில் நின்று, "ஏட்டி, சாவுல இருந்து பொழைச்சு வந்த பிள்ளைய உறங்கவிடாமக் கொல்லுதியே, நீ நல்லா இருப்பியா?" என்று மண்ணை வாரி இறைத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் பெற்றிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். நான் ஆபீஸில் இருக்கிற நேரம் பகலில் யார் பார்ப்பது? அதற்கு என் மகளை நம்பினேன். எட்டாவது படித்தாள், அரைப்பரீட்சை லீவு. அப்பா கூடவே காட்டுக்குப் போய், அவர் மரத்தில் சாய்ந்தால் பேச்சுக் கொடுத்து எழுப்பிவிடுவாள்.

ராத்திரி வேலைக்கு உளுந்தில் கல் பொறுக்கக் கொடுத்தேன். முறத்தை வைத்துக்கொண்டு சின்ன விளக்கில் உட்காருவார். நான்கு நாளில் வீட்டில் இருந்த உளுந்து முழுவதும் கல் இல்லாமல் பளபளவென்று ஆகிவிட்டது. அப்புறம் என்ன கொடுப்பது? அவர் பொறுக்கிப் போட்ட கல்லையே அவருக்குத் தெரியாமல் உளுந்தில் திரும்பக் கலந்துவைத்தேன். பாவி, மனுஷனை ஏமாற்றுகிறோமே என்று இருந்தது. ஆனால் சிரிப்பும் வந்தது. அந்தக் கல்லெல்லாம் எங்களோடு ரொம்ப நாள் இருந்தது.

நர்ஸ் சொன்ன பத்து நாள் போய், பன்னிரண்டு, பதினைந்து ஆனது. ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை. ஒருநாள் காலை ஹாரன் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்தவர், "ஒரே ஒரு நா. ஒரு குவார்ட்டர் போட்டு ஒரு நா உறங்கிட்டேம்னா, மறுநாள்ல இருந்து நீ சொல்லுதபடி கேக்கேன்" என்றார். நான் கம்பை நீட்டினேன். அன்றைக்கு முழுதும் ஆபீஸில் என் கை ஓடவில்லை.

சாயங்காலம் வேன் திரும்பி வருகிறது. மார்கழி மாதம், ஆறு மணிக்கே இருட்டிவிடும். ரோட்டு முக்கு வந்ததும், ஜன்னல் பக்கம் இருந்தவள் என் இடுப்பில் இடித்தாள். பிராந்திக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி, பாலத்துக் கட்டையில் சாய்த்துவைத்திருப்பது எங்கள் சைக்கிள். பின் கேரியரில் என் மகள் கட்டிவைத்த பச்சை ரிப்பன். வேனுக்குள் நாற்பது பெண்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பார்க்காத மாதிரி போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறகுதான் "அண்ணாச்சி, நிறுத்துங்க" என்றேன்.

பாலத்துக் கட்டையில் கடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கிட்டே போனேன். முதல் காரியமாக மூச்சை இழுத்து மோந்து பார்த்தேன். வாடை இல்லை.

"உள்ள போகல" என்றார். "ரெண்டு தடவ எந்திச்சேன். ரெண்டு தடவையும் திரும்ப உக்காந்துட்டேன். வீட்டுக்கு வரவும் கால் எழல." பிறகு, "இனி எனக்கு உறக்கமே வராதோன்னு பயமா இருக்குட்டி" என்றார்.

ஊரறிந்த என் வாய்க்கு அப்போது ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். எவ்வளவு நேரமோ தெரியாது. அப்போது பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. இரண்டு நீட்டு, ஒரு குட்டை. டிரைவர் அண்ணாச்சி வேண்டுமென்று அடித்தாரா, நேரமாகிறது என்று அடித்தாரா, நான் இன்றுவரை கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் பதினைந்து நாள் பழக்கத்தில் விசுக்கென்று எழுந்து நின்றுவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வேனுக்குள் எவளோ கிளுக்கென்று சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேனில் ஏறச் சொன்னார்கள். "இத்தன பொம்பளையாளுக்கு நடுவுலயா? நான் சைக்கிள்லயே வாரேன்" என்று சொல்லி மிதிக்க ஆரம்பித்தார். நான் வேனில் ஏறிக்கொண்டேன். அண்ணாச்சி முந்தவே இல்லை. ஒரு மைல் தூரமும் சைக்கிளுக்குப் பின்னாலேயே, வேன் வெளிச்சத்தில் அவருக்கு ரோடு தெரியும்படி, உருட்டிக்கொண்டே வந்தார். மழை பெய்து கரிசல் பாதை சேறாகக் கிடந்தது. சக்கரத்தில் மண் அப்பி, இரண்டு இடத்தில் இறங்கிக் குச்சியால் நோண்டிவிட்டு ஏறினார். அப்போதும் வேன் பின்னாலேயே நின்றது. காலை ஐந்து மணிக்குக் கிளம்பின பெண்கள், வீட்டில் பிள்ளைகள் பசியோடு காத்திருக்கும். ஒருத்தி மட்டும் "விடிஞ்சிரும் போலிருக்கே" என்று முணுமுணுத்தாள். மற்றவர்கள் அவளை அடக்கின அடக்கில் ஊர் வரும்வரை வாய் திறக்கவில்லை. அதில் முக்கால்வாசிப் பேர் சேவலுக்கும் உரலுக்கும் என்னிடம் ஏச்சு வாங்கினவர்கள்.

அதன்பிறகு உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒருநாள் இரண்டு மணி நேரம் உறங்குவார், மறுநாள் ஒன்றும் இருக்காது, அதற்கடுத்த நாள் மூன்று மணி நேரம். ஆனால் ஹாரனுக்கு எழுந்திருப்பதில் மட்டும் ஒருநாள் பிசகவில்லை. நான் எழுப்புவதற்கு முன்னால் அவரே உட்கார்ந்திருப்பார். ஆட்டைப் பத்திக்கொண்டு கிழக்கே பார்த்துப் போவார். பொங்கல் கழிந்து அறுப்பு வந்தது. வருஷக்கணக்குக்குப் பிறகு அந்தத் தடவைதான் கூலிக்கு ஆள் விடாமல் அவரே காட்டில் நின்று கம்பு அறுத்தார். பகலெல்லாம் வெயிலில் குனிந்து நிமிர்ந்த உடம்பு.

அப்படி ஒருநாள் விடியற்காலை. வழக்கம்போல நான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். சத்தமே இல்லை. உப்பு லாரியும் இல்லை, மேலத்தெரு நாயும் இல்லை. திரும்பிப் பார்த்தால் ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்து கிடக்கிறார். முறம் மூலையில் இருந்தது, உளுந்து தொடாமல் கிடந்தது. பன்னிரண்டு வருஷம் அவர் இப்படிக் கிடந்து பார்த்தது குடித்திருந்த நாளில் மட்டும்தானே? மெதுவாகக் குனிந்து அவர் வாயருகே மோந்து பார்த்தேன்.

ராத்திரி வைத்த கருவாட்டுக் குழம்பு வாசம்தான் அடித்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தேகப்பட்டுவிட்டோமே என்ற வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். மூச்சு சீராக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது, எழவில்லை. வாசலில் ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை. இரண்டாம் தடவையும் அடித்தது. எழுப்ப எனக்கு மனசே வரவில்லை. ஆனால் அந்த நர்ஸ் பெண் சொன்னது சொன்னதுதான். தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துக் கேட்டார்:

"என்னட்டி, அதுக்குள்ள விடிஞ்சிட்டா?"

ராத்திரி முழுக்க முழித்துக் கிடக்கிறவன் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான். அவனுக்கு விடிவதே இல்லை என்பதுதான் கவலை. நான் கம்பைக் கையில் கொடுத்துவிட்டு வேனுக்கு ஓடினேன். ஏறினதும், "அவிய உறங்கிட்டாவ" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. வேனே சிரித்தது. டிரைவர் அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமல், ஊர் எல்லை தாண்டுகிற வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

அடுத்த வாரமே ஒரு படி உளுந்து எடுத்துக்கொண்டு அந்த நர்ஸைப் பார்க்கப் போனேன். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாளாம். இதை அவள் படித்தால், அந்த உளுந்து இன்னும் பாக்கி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும். கல் கிடையாது, நம்பி வாங்கலாம். நான் கல் கலந்த விஷயம் அப்போதே தனக்குத் தெரியும் என்று என் வீட்டுக்காரர் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். ஒரே கருஞ்சிவப்புக் கல் மூன்று தடவை கைக்கு வந்ததாம். தெரிந்தேதான் பொறுக்கியிருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. என் மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது, ஆபீஸ் வேலையை நான் விட்டுவிட்டேன், எங்கள் வாசலில் இப்போது எந்த வேனும் நிற்பதில்லை. இப்போது அவரை எழுப்புகிற ஹாரன் நான்தான். தினமும் ஐந்து மணிக்கு அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு "அதுக்குள்ள விடிஞ்சிட்டா?" என்று கேட்கும்போதெல்லாம், இந்தத் தூக்கத்தை யாரும் எங்களுக்குக் கொடுக்கவில்லை, கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு ராத்திரியாக அவரே பொறுக்கிச் சேர்த்தது என்று எனக்குப் பெருமை தாங்காது.